இரண்டாம் நாள் ஆட்டக்காரி

பதினோரு பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கடைசியாகத் தாள் அவள் மடிக்கு வந்தது.

'அடுத்தடுத்த நாள் ஆட்டம் வேண்டாம். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள்.'

கூடைப்பந்து லீக் அலுவலகத்துக்குப் போகிற கடிதம். அணியில் பன்னிரண்டு பேரும் ஒப்பினால்தான் அட்டவணையைத் தொடுவார்களாம்.

நியாயமான கடிதம். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

எதிர் பெஞ்சில் கேப்டன் ஜெசிந்தா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவ்வளவு வீக்கம். நேற்று ஆட்டம் முழுக்க ஓடியவள். இன்று சாயங்காலம் மறுபடி ஆட்டம். ஜெசிந்தா இறங்க மாட்டாள்.

ஜெசிந்தாவுக்குப் பதிலாக அவள் இறங்குவாள்.

சீசன் முழுக்க இதே கதைதான். முதல் நாள் ஜெசிந்தா. இரண்டாம் நாள், கால் வீங்கியதும், அவள். முதல் நாள்களில் அவளுக்குத் துண்டு நீட்டுகிற வேலை.

லீக் விதிப்படி பன்னிரண்டு ஆட்டமாவது களத்தில் இறங்கினால்தான் அடுத்த வருட ஒப்பந்தம். இதுவரை ஏழு.

ஏழும் இரண்டாம் நாள் ஆட்டம்.

எல்லோருக்கும் ஓய்வு கிடைத்தால் அவளுக்கு ஒரேயடியாக ஓய்வு.

"என்னடி, பரீட்சையா எழுதுற? போட்டுக் குடு," என்றாள் ஜெசிந்தா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஜெசிந்தாவின் அந்த முழங்காலை அவள் எத்தனை தடவை பிடித்துவிட்டிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் வீங்கட்டும் என்று போன வாரம் ஒரு நிமிடம் நினைத்ததும் உண்டு. நினைத்த வேகத்தில் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

பேனாவைத் திறந்தாள்.

பதினோரு கையெழுத்துக்கும் கீழே எழுதினாள். அழுத்தி எழுதினாள். தாள் கிழியாததே பெரிசு.

'பன்னிரண்டு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்கிற விதியையும் எடுக்க வேண்டும்.'

அதற்கடியில் தன் பெயர்.

கோச் தணிகாசலம் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தார்.

"ஏம்மா, இவங்க போட்டது மேல இருக்கிறதுக்குத்தான். இது நீ ஒருத்தி கேக்கிறது. இதைப் பார்த்தா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுருவாங்க. அடிச்சிரு."

தாள் திரும்பவும் அவள் மடியில்.

அவள் அடிக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள்.

ஜெசிந்தா சுவரைப் பிடித்து எழுந்தாள். நொண்டிக்கொண்டே வந்தாள். நாலு எட்டு வைக்க அவ்வளவு நேரம்.

"பேனாவைக் குடு."

கொடுத்தாள்.

ஜெசிந்தா தாளின் மேல் குனிந்தாள். அந்த வரியை அடிக்கிறாளா, அதன் கீழே கையெழுத்துப் போடுகிறாளா என்று அவள் தன் மடியிலிருந்த தாளைப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்தாள்.