கழற்றக்கூடிய ராசாத்தி

ஜெயரூபி ராசாத்தியைக் கழற்றிப் பலகையில் வைத்தாள்.

வாகனத்தை விட்டு இறங்கியதும் ராசாத்தியின் மிடுக்கெல்லாம் போய்விட்டது. காலை அகட்டிக்கொண்டு வெறும் காற்றில் குந்தியிருந்தாள்.

பெருவிரல் அளவுப் பொம்மை. அவள் ஏறியிருந்த மிருகம் உள்ளங்கை அளவு. உடும்பின் உடல், முதலையின் வாய், வௌவாலின் சிறகு. செய்தவன் எந்தக் காட்டில் இதைக் கண்டானோ தெரியாது.

பக்கத்துக் கொட்டில் அமராவதி வவுனியாவுக்கு மருந்தெடுக்கப் போனபோது, கொழும்பிலிருந்து வந்த யாரோ அவளிடம் கொடுத்துவிட்டார்களாம். பால்மா டின்னுக்குள் வைத்து நேற்றுக் கொண்டுவந்து தந்தாள். கூடவே ஒரு கடிதம். ஒன்பது வயதுச் சுமித்திராவின் குண்டுக் கையெழுத்து.

‘அன்பான சித்திக்கு, இது மேசையில வைச்சு விளையாடுறது. மற்றப் பிள்ளையள் எல்லாரும் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கினம். என்ரை மட்டும் சாம்பல். மேல இருக்கிறவாவைக் கழட்டலாம். நீங்கள் வடிவா அடிச்சு, வரேக்கை கொண்டுவாங்கோ.’

வரேக்கை. வரும்போது என்ற அந்தச் சொல்லைத் தாண்டமுடியாமல் ஜெயரூபி மூன்று தரம் வாசித்தாள்.

வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை வேண்டும். போனவர் திரும்பி வருமட்டும் பிணை நின்றவர் அசையமுடியாது. அக்கா விமலேஸ்வரி, அத்தான் மயில்வாகனம், சுமித்திரா, மூன்று பேரும் அக்காவின் கண் ஒப்பரேசனுக்கென்று ஆறு கிழமைப் பாஸில் போனார்கள். பிணை ஜெயரூபி.

இப்போது பதினான்கு மாதம்.

அக்காவின் கடிதங்கள் கொழும்பு விலாசத்தில் வந்தன. கண் ஆறவில்லையாம். அடுத்த மாதமாம். போன கடிதத்திலும் அடுத்த மாதம்தான். வெள்ளிக்கிழமை தோறும் ஜெயரூபி துணுக்காயில் பாஸ் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவாள். அவள் போவதைப் பார்த்து அமராவதி உச்சுக்கொட்டுவாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டாளே என்று, கேட்கும்படியாகவே சொல்லுவாள்.



ஜெயரூபியின் தொழில் எழுத்து. இடம்பெயர்ந்து மரத்தடிக்கு வந்த பள்ளிக்கூடங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுப்பாள். டின்களின் அடியில் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தன. பலகைக்கு எழுதும் தூரிகை இதற்கு ஆகாது. தன் பின்னலின் நுனியில் நாலு மயிர் கத்தரித்து ஈர்க்கில் நூலால் கட்டினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால் அந்தப் பிள்ளை தாங்கமாட்டாள்.

சிறகுக்குச் சிவப்பு. வயிற்றுக்கு மஞ்சள். இன்றைக்கும் வெள்ளிதான், பத்து மணிக்குள் முதுகையும் முடித்துவிடலாம் என்று மிருகத்தைத் திருப்பினாள்.

அப்போதுதான் கண்டாள். ராசாத்தி குந்தியிருந்த இடத்தில் நகமளவு கடதாசி ஒட்டியிருந்தது. பிள்ளைகளின் சாமான் மாறிப்போகாமல் ஒட்டும் பெயர்த்துண்டு. இங்கிலிஷ் எழுத்தில் சுமித்திராவின் பெயர், கீழே ஓர் ஊரின் பெயர்.

ஊரின் பெயரில் ‘ஏ’ எழுத்தின் தலையில் ஒரு சின்ன வட்டம் இருந்தது.

எத்தனையோ பலகை எழுதிய கை அது. தலையில் வட்டம் வைத்த ‘ஏ’யை அவள் ஒருநாளும் எழுதியதில்லை. அப்படி ஓர் எழுத்து கொழும்பில் இல்லை. இலங்கையிலேயே இல்லை.

வெளிநாட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆறாத கண்ணும் பொய், கொழும்பு விலாசமும் பொய். இனி ஒருவரும் திரும்பி வரப்போவதில்லை. அவளுடைய பிணையும் அவிழப்போவதில்லை.

ஜெயரூபி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரப்போகிறது என்றுதான் பொத்தினாள். வந்தது சிரிப்பு. பதினான்கு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. சிரித்து முடிந்த பிறகுதான் கண் நிறைந்தது.

ஆமியின் சோதனைச் சென்றியிலும் இந்தப் பக்கத்துச் சென்றியிலும் இதைக் குலுக்கிப் பார்த்தார்கள் என்று அமராவதி சொல்லியிருந்தாள். ராசாத்தி கழலும் என்று அவர்களுக்குத் தெரியாமல் போனது நல்லகாலம்.

கடதாசித்துண்டின் மேல் கறுப்பைப் பூசினாள். காயவிட்டு இன்னொரு தரம் பூசினாள். பிறகு கையை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

“உங்கடை அக்கா ஆக்கள் இன்னும் வரேல்லையோ?” என்று கந்தோர் பொறுப்பாளர் கொப்பியைத் திறந்து தள்ளினார்.

“அடுத்த மாசம் எண்டு எழுதியிருக்கினம்,” என்றாள் ஜெயரூபி.

ஒவ்வொரு கிழமையும் புதுப் பக்கம். போனவர் பெயர், உறவுமுறை, பிணை நின்றவர் கையெழுத்து. விமலேஸ்வரி, தமக்கை. மயில்வாகனம், அத்தான்.

மூன்றாவது பெயருக்கு எதிரே வந்ததும் பேனை கொஞ்சம் நின்றது.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அத்தானின் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விசாக் கடதாசியில்தான் தாய், தகப்பன், ஒரு மகள் என்று இருந்தது. இடம்பெயர்ந்து வந்த ஊரில், யாருடைய பிள்ளை யாருடன் போகிறது என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

பளையில் ஒரு மாரிக்கு இரண்டு பகலும் ஓர் இரவும் நொந்து சுமித்திராவைப் பெற்றவள், கூடப்பிறந்தவளின் மகளுக்கு ஊரில் சொல்லும் உறவுமுறையைப் பெயர்ப்பலகைக்கு எழுதுவதுபோல் வடிவாக எழுதினாள்.

பெறாமகள்.