ரெஞ்ச் பொய் சொல்லாது

ஆறு மணி நேரம் இருபது நிமிடம். அதற்குள் மார்லிஸ் தன் துப்பாக்கியின் குழலை ஐந்தாவது முறையாகக் கழற்றி மாட்டிவிட்டாள். தோள் இரண்டும் கழன்று விழுவது போல் இருந்தது.

"அதை வெச்சிட்டு வா கண்ணு, பான்கேக் சுட்டிருக்கேன்," என்றான் கராஜ் வாசலில் நின்ற கணவன் வெர்லின். இருபது வருடத்தில் அவன் அடுப்பைத் தொட்டது இது மூன்றாவது முறை.

குழலைப் பிடித்திருக்கும் பெரிய நட்டை, சரியான அளவு இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்று ஒலிக்கும் ரெஞ்சால், அந்தச் சத்தம் வரும்வரை இறுக்கியிருந்தாள். நட்டின் பல்லிடுக்கும் சுடும்போது வரும் வாயுவைக் கொண்டுபோகும் குழாய்க்கான துளைக்கு நேராகவே நின்றது. ஆனாலும் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் சுட்டுப் பார்த்தால், குண்டுகள் மூலைக்கு ஒன்றாகப் போயின.

"ரெஞ்சைத் தூக்கிப் போடு. உன் கைக்குத் தெரியாத இறுக்கமா?"

"ஐஸ் வைக்காத வெர்லின். ரெஞ்ச் பொய் சொல்லாது. என் கைதான் நடுங்குது. இந்தக் கையோட நாளைக்கு ஐடஹோ மாநிலத் துப்பாக்கி சுடும் அணித் தேர்வுல போய் அசிங்கப்படணுமா?"

தேர்விலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்வதற்காக, துப்பாக்கி சுடும் கிளப்பின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது.

வெர்லின் ஓடிவந்து போனைப் பிடுங்கி அணைத்தான்.

"உன் கையில ஒரு கோளாறும் இல்ல. ரெஞ்சுதான் பொய் சொல்லுது. போன பனிக்காலத்துல வண்டிச் சக்கர நட்டு கழலவே மாட்டேன்னுச்சு. நான் அந்த ரெஞ்சை மாட்டி, அது மேல ஏறி நின்னு நாலு தடவை குதிச்சேன்."