அழிந்த ஒரு மணி நேரம்

நாகர்கோவிலிலிருந்து தொழில்நுட்ப நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் பார்வையிடப் புறப்பட்ட பேராசிரியர் குழுவில் ரோஸ்லின் சேர்ந்ததே, பல வருடமாக வீட்டுக்கு வராத மகள் ஜெனிலாவை அவள் வேலை செய்யும் நிறுவனத்தில் பார்ப்பதற்குத்தான். தொழில் ரகசியம் காக்க, உள்ளே பார்த்ததும் பேசியதும் வெளியேறும் வாசலிலேயே நினைவிலிருந்து அழிக்கப்படும் என்பது அங்கே விதி.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது ரோஸ்லினின் கண்கள் வீங்கியிருந்தன, ஏனென்று தெரியவில்லை. பஸ்ஸில் ஏறியதும், இன்னும் உள்ளே வேலையில் இருந்த மகளைக் கைபேசியில் அழைத்தாள்.

“மக்ளே, உன்னப் பாத்தேனா?”

“பாத்தம்மா. ஏன் வீட்டுக்கு வரலைன்னு எல்லாத்தையும் சொன்னேன். நீ என்னக் கெட்டிப்பிடிச்சு அழுத.”

“இப்பவும் சொல்லு.”

“நீ மறந்துருவன்னு தெரிஞ்சதனாலதாம்மா சொன்னேன்.”

ரோஸ்லின் வீங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“கெட்டிப்பிடிச்சேன்லா? அப்ப இனி ஒண்ணும் சொல்லாண்டாம். வீட்டுக்கு வா.”