ஆள் இல்லாத வருஷங்கள்

"நான் ஆடவே போகாத வருஷத்துல எல்லாம் எதுக்கு சார் ஒப்பந்தத்துல என் பேரு?"

ஃபோனுவா கேட்டபோது நாற்காலி முனகியது. நூற்றைம்பது கிலோ மனிதர். அமெரிக்கக் கால்பந்தில் எதிரணி ஆட்களை மறித்து நிற்பதே தொழில். வயது முப்பத்து நாலு. இதுவரை ஆறு அணிகள், மூன்று முழங்கால் அறுவைச் சிகிச்சைகள். முழங்கால் என்னவோ இரண்டுதான்.

அதே நாற்காலியில் உட்கார்ந்த பதினோரு பேரைப் போன வருஷம் எரீ நகர அணி வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதனால் எதிரே இருந்த கணக்கு அதிகாரி வோய்சிக்குக்கு வீரர்கள் வைத்த பெயர், கத்திரிக்கோல்.

"அதெல்லாம் வெறும் காகித வருஷம் தம்பி." வோய்சிக் ஜாம் டோனட் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். அடியில் ஒரு தாள் கவிழ்ந்து கிடந்தது. அதுவும் தட்டோடு நகர்ந்தது. "எடுத்துக்கோ. என் சம்சாரம் பண்ணது. நான் வீட்ல தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், அதான் ஆபீஸ்ல தொடறேன்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்."

"ஒரு அணி வருஷத்துக்கு இவ்வளவுதான் சம்பளம் குடுக்கலாம்னு லீக் ஒரு உச்சவரம்பு வெச்சிருக்கு. நாம அதைத் தாண்டி நிக்கறோம். இன்னிக்கு நாலு மணிக்குள்ள அறுபது லட்சம் டாலர் குறைச்சாகணும். உன் சம்பளத்துல எழுபத்தஞ்சு லட்சத்தை போனஸ்னு பேர் மாத்தறோம். பணம் உனக்கு மொத்தமா வந்துடும். கணக்குல மட்டும் அஞ்சு வருஷத்துக்கு அஞ்சு துண்டு. இந்த வருஷத்துக்குப் பதினஞ்சு லட்சம். மிச்சம் அறுபதும் நீ இல்லாத வருஷங்கள்ல போய் உக்காந்துக்கும்."

"நடுவுல என்னை அனுப்பிட்டா?"

"பணம் உன்னுது. மிச்சத் துண்டெல்லாம் மொத்தமா அந்த வருஷக் கணக்குலயே அணி தலையில விழும்."

"எனக்குப் பணம், உங்களுக்குத் தலைவலி. கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்கியோ இடிக்குதே?"

தொலைபேசி அடித்தது. வோய்சிக் எண்ணைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார். "மேனேஜர். புதுப் பசங்களைப் பார்க்க இன்னிக்குக் காலையிலதான் டெக்சாஸ் போனார்."

"எடுங்க சார், பரவாயில்ல."

"நாலு மணிக்கு மேல எடுத்துக்கறேன். நீ முதல்ல கையெழுத்தைப் போடு."

ஃபோனுவாவுக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை. யூட்டாவில் ஒருவன் இப்படித்தான் அவசரப்படுத்தி ஒரு பழைய வேனை அவர் தலையில் கட்டினான். வேன் இன்னும் யூட்டாவிலேயேதான் நிற்கிறது.

"ஏஜென்ட் போடச் சொல்லிட்டார் சார். எனக்குப் பணம் பிரச்சினை இல்ல. என் பொண்ணு லூப்பேவுக்கு இது ஏழாவது ஸ்கூல். ஒவ்வொரு ஊர்லயும் அவளுக்குன்னு ஒரு சிநேகிதி கிடைக்கறதுக்குள்ள நான் பெட்டியைக் கட்டிடறேன். இங்கதான் முதல் தடவையா வீட்டுக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வரா. ஸ்கூல் பேண்டுல ட்ரம்பெட் வாசிக்கிறா. அடுத்த ஜூன்ல படிப்பு முடியுது. அதுவரைக்கும் நகர மாட்டோம்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். நான் இருப்பேனா, மாட்டேனா? அதை மட்டும் சொல்லுங்க."

வோய்சிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"வாக்குக் குடுக்கற அதிகாரம் எனக்கு இல்ல தம்பி. நான் கூட்டிக் கழிக்கறவன்."

"கழிக்கறதுதான் ஜாஸ்தின்னு பசங்க சொல்றாங்க."

"வீட்லயும் அதான் சொல்றாங்க."

தொலைபேசி மறுபடி மினுங்கியது. மணி மூன்று நாற்பது. ஃபோனுவா பெருமூச்சு விட்டு, ஐந்து இடங்களில் கையெழுத்துப் போட்டார்.

வோய்சிக் தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கி, இயந்திரத்தில் கொடுத்து நியூயார்க்குக்கு அனுப்பினார். 'லீக் அலுவலகம் பெற்றுக்கொண்டது' என்று திரையில் வந்த பிறகுதான் உட்கார்ந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அறுபது லட்சம் என்றால் இந்த ஆளுக்கு எவ்வளவு ஆசை என்று ஃபோனுவா நினைத்துக்கொண்டார்.

"பொண்ணு வந்திருக்காளா?"

"கார்ல இருக்கா."

"அவளுக்கு ரெண்டு கொண்டு போ." வோய்சிக் சுற்றிக் கொடுக்க எதையோ தேடினார். பிறகு தட்டுக்கு அடியில் கிடந்த தாளை உருவி, இரண்டு டோனட்டையும் அதிலேயே பொட்டலமாகக் கட்டினார்.

வெளியே மார்ச் மாதத்துப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஃபோனுவா உள்ளே ஏறியதும் கார் ஒரு பக்கம் சாய்ந்தது.

"என்னப்பா, கத்திரிக்கோல் வெட்டிட்டாரா?"

"இல்லம்மா. ஆனா இருப்பேனா, மாட்டேனான்னு ஒரு வார்த்தை சொல்லலியே. சரியான கல்லுளிமங்கன்." பொட்டலத்தை நீட்டினார். "இந்தா, இது மட்டும்தான் கிடைச்சுது."

லூப்பே ஒன்றைக் கடித்துக்கொண்டே தாளைப் பிரித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்பா, இதுல உன் பேரு இருக்கு."

ஃபோனுவா வாங்கிப் பார்த்தார். அன்றைய தேதி போட்ட கடிதம். 'செமிசி ஃபோனுவா இன்று மாலை நான்கு மணியோடு அணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்ற வரிக்குக் கீழே மேனேஜரின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. அதற்கும் கீழே, வோய்சிக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், ஜாம் மட்டுமே இருந்தது.