கோல்கீப்பருக்குச் சம்பளம்

“காசு தராட்டி இந்த முறை நான் கோலுக்க நிக்கமாட்டன்!”

கிறிஸ்துராஜா மேசையில் ஓங்கித் தட்டினார். மோர்டன் தேவாலய மண்டபத்தில் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம், லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் அணிகளுக்கிடையே உதைபந்தாட்டப் போட்டி. நெடுங்காலமாக எங்கள் அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வயிறு இடுப்புப் பட்டியைத் தாண்டியிருந்தது.

“அண்ணை, இது கொலிச்சுக்காக விளையாடுறது. காசு வாங்கினா அதுக்குப் பேர் பற்று இல்லை, வேலை,” என்றார் தலைவர் ஞானேஸ்வரன்.

“அமெரிக்காவில யூனிவேர்சிற்றிக்கு விளையாடுற பிள்ளையளுக்கே இப்ப காசு குடுக்கினம், தெரியுமே? படிக்கிற பிள்ளையள் காசைக் கண்டா கெட்டுப்போவினம் எண்டுதான் அங்கயும் கனகாலம் கதைச்சவை. பிறகுதான் யோசிச்சவை. ரிக்கற் விக்கிறவனுக்குக் காசு, கோச்சுக்குக் காசு, உதை வாங்கிறவனுக்கு மட்டும் பற்றோ?”

“அது ஸ்ரேடியம் நிரம்பி வழியிற ஆட்டம் அண்ணை. எங்கட ஆட்டத்தை ஆர் பாக்கினம்? கொத்துரொட்டி வாங்க வாற சனம், லைன் நீளமெண்டா ஒருக்காத் திரும்பிப் பாக்குது. அவ்வளவுதான்.”

மண்டபமே சிரித்தது. சிரித்த நாங்கள் எல்லோரும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான்.

“சிரியுங்கோ! ஹோலுக்கு வாடகை குடுக்கிறியள், பாட்டுக்காரருக்குக் குடுக்கிறியள். நான் மழை குளிர் பாக்காமல் ஒவ்வொரு ஞாயிறும் பிறக்டிசுக்கு வாறன். முழங்கால் தேஞ்சு போட்டுது. எனக்கு என்ன தந்தனீங்கள்? ஒரு மட்டன் றோல். அதுவும் ஆறினது!”

பக்கத்தில் இருந்த மனைவி மேரிறோஸ் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். “இருங்கோப்பா. அந்தக் கதையை விடுங்கோ.”

“நீர் சும்மா இரும் மேரி. விளையாட்டைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?”

“அங்கிள், போன வருசம் அஞ்சு கோல் விட்டனீங்கள்,” என்று முன்வரிசை ஆட்டக்காரன் நிசாந்தன் மெல்ல நினைவூட்டினான்.

“அதில மூண்டு, வெயில் கண்ணுக்குள்ள அடிச்சதால போனது!”

அந்தப் போட்டி நடந்த அன்று காலையில் தொடங்கிய மழை பின்னேரம்வரை விடவில்லை என்பது மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

உண்மையில் கிறிஸ்துராஜாவுக்குக் காசு பெரிதல்ல. பத்துப் பவுண்ட் தாள் ஒன்றைக் கொடுத்தாலும் சந்தோசமாக வாங்கியிருப்பார். தன்னுடைய ஆட்டத்துக்கும் ஒரு பெறுமதி இருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அது இல்லாதது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

“சங்கத்திட்டக் காசு இல்லை அண்ணை,” என்றார் தலைவர்.

“அப்ப வருசா வருசம் காசு தாற அந்தப் ‘பெயர் வெளியிட விரும்பாத நலன்விரும்பி’? ஆண்டு மலரில முழுப்பக்கத்துக்கு நன்றி போடுறியளே! அந்த ஆளிட்டக் கேளுங்கோ, கிறிஸ்துராஜாவுக்கும் ஏதாவது குடுக்கலாமோ எண்டு.”

தலைவர் பொருளாளர் றஜீனாவைப் பார்த்தார். றஜீனா கூரையைப் பார்த்தார்.

“அந்தக் காசு வாறதே உங்களுக்காகத்தான் அண்ணை,” என்றார் தலைவர், வேறு வழியில்லாமல். “நீங்கள்தான் கோலுக்க நிக்கவேணும், ஒரு பிறக்டிசுக்கும் உங்களைக் கூப்பிடாமல் விடக்கூடாது. இதுதான் கண்டிசன். உங்களை எடுத்தா அடுத்த நாளே காசு நிண்டிடும்.”

கிறிஸ்துராஜா அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது. இவ்வளவு பெரிய லண்டனில் தன்னுடைய ஆட்டத்தை நம்பிக் கைக்காசைப் போடுகிற ஒரு மனிதர்!

“கேட்டனீரே மேரி? என்ர அருமை தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கு! ஆரெண்டு சொல்லுங்கோ ஞானேஸ். அந்தக் கையைப் பிடிச்சு நான் நன்றி சொல்லவேணும்.”

தலைவர் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். நிசாந்தன் ஃபோனை எடுத்தான்.

“இந்தாங்கோ, பிடியுங்கோ,” என்று மேரிறோஸ் தன் கையை நீட்டினார். “ஞாயிற்றுக்கிழமையில எண்டாலும் வீடு அமைதியா இருக்கட்டும் எண்டு நான் குடுக்கிற காசு அது.”