கறுப்பு மெத்தை

பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்த ஒல்லாந்துத் துரை, தன் வெள்ளை முயல்களைத் தேவகியிடம்தான் வளர்க்கக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு ஈத்துக்கு முன்னாலும் பெட்டை தன் வயிற்று முடியைப் பிடுங்கி, ஈனுவதற்கு வைத்த பானைக்குள் மெத்தை போட்டுக்கொள்ளும்.

இந்தத் தடவை குட்டிகள் கறுப்பு மெத்தையில் கிடந்தன. பெட்டையின் வயிற்றில் ஒரு முடிகூடக் குறையவில்லை. மெத்தை முழுக்க நீள நீளமான தலைமுடி. வேப்பெண்ணெய் வாசனை அடித்தது. ஐப்பசிக் காய்ச்சலில் செத்துப்போன மகள் எல்லம்மாவுக்குப் பேன் போகத் தேவகி தேய்த்துவிட்டதும் வேப்பெண்ணெய்தான்.

அன்று உச்சி வெயிலில் தேவகியின் புருஷன் சுப்பராயலு கோட்டையிலிருந்து ஓடிவந்தான்.

"துரை நாகப்பட்டணம் போறாரு. முயல மெத்தையோட கூடையில கேக்கறாங்க மே. தோணி காத்துனு கீது."

"குட்டிய எடுத்துக்க, தாய எடுத்துக்க. மெத்தை மட்டும் இங்கியே இருக்கட்டும்யா."

"மெத்தை இல்லாம குட்டி வெறச்சுப் பூடும். அப்பறம் என் முதுகுத் தோல யாரு தைக்கறது, நீயா?"

தேவகி குட்டிகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மெத்தையைக் கூடைக்கு மாற்ற, சுப்பராயலு பானைக்குள் கைவிட்டு முடியை அள்ளினான். அது வரவில்லை. பலமாக இழுத்தான். அடியில் இருந்து ஏதோ திருப்பி இழுத்தது. அவன் கையை உதறிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டான்.

தேவகி பானையை முழங்கால்களுக்கு நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு, கூரையில் செருகியிருந்த மரச்சீப்பை எடுத்தாள்.

"இப்படியா இழுப்பாங்க, அதுக்கு வலிக்காது? இருயா, சிக்கெடுத்துட்டுத் தரேன்" என்றாள்.