முன் அனுபவம்

"ஒரு ஊசிக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கிட்டா அறுபது பேருக்கு எப்ப போட்டு முடிப்பீங்க? உங்களை ஸ்டோருக்கு மாத்தச் சொல்லி எழுதப் போறேன்" என்றார் தலைமை நர்ஸ்.

எதிரே நின்றவருக்கு நாற்பத்தொரு வயது. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தன்னை 'அங்கிள்' என்று கூப்பிட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்து நர்சிங் படித்தார். முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் இந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு நாள்தான் ஆகிறது. அதற்குள் 'பட்டாளம்' என்று பெயர் விழுந்துவிட்டது. முதல் நாள் டாக்டருக்கு சல்யூட் அடித்ததோடு நிற்காமல், ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் அடித்ததன் பலன்.

ஸ்டோர் என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை பஞ்சுப் பொட்டலங்களின் முகத்தில் விழிக்க வேண்டும். அதற்காகவா தலை நரைக்கிற வயதில் உட்கார்ந்து பரீட்சை எழுதினோம் என்று நினைத்தார் பட்டாளம். இன்று ஒரு நாள் பார்த்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொண்டார்.

"அப்ப பதினாலாம் நம்பரைப் பாருங்க" என்றார் தலைமை நர்ஸ். அந்தக் குரலில் கருணை இல்லை.

பதினாலாம் படுக்கையில் ஒரு மரக்கடைக்காரர். சர்க்கரை ஏறி, காலில் சீழ் வைத்து வந்தவர். இரண்டு முறை ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். மூன்றாவது முறை போன நர்ஸின் தட்டை உதைத்துத் தள்ளினார். சாயங்காலத்துக்குள் மருந்து ஏறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து மரக்கடைக்காரரின் மனைவி அழுகையை நிறுத்தவில்லை; அவர் கத்தலை நிறுத்தவில்லை.

பட்டாளம் வெறுங்கையோடு போனார். கால்மாட்டுப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு, இடது தோளை ஒட்டி நின்றார். உதைத்தாலும் உதைக்கு வேகம் கிடைக்காத இடம் அது. தோளில் கையை வைத்தார். அப்படியே ஐந்து நிமிடம் நின்றார். தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"என்னய்யா, நின்னுக்கிட்டே தூங்கறியா?" என்றார் மரக்கடைக்காரர்.

"இல்லீங்க. உங்க கோபம் கொஞ்சம் இறங்கட்டும்னு நிக்கறேன்."

மரக்கடைக்காரர் அவரை மேலும் கீழும் அளந்தார். பட்டாளத்து ஆளா என்று கேட்டார். ஆமாம் என்றதும், அங்கேயும் இதே ஊசி வேலைதானா என்று கேட்டார்.

"அதேதாங்க. ஆயிரம் ஊசிக்கு மேல போட்டிருப்பேன்."

"எவனாவது செத்தானா?"

"என் ஊசியால இல்லீங்க."

பேசிக்கொண்டே பட்டாளம், முதுகுக்குப் பின்னால் ஒரு நர்ஸ் கொண்டுவந்து வைத்த ஊசித் தட்டிலிருந்து வெந்நீரில் நனைத்த துணியை எடுத்து அவர் கையில் சுற்றினார். பனி மலை, செங்குத்தான பாதை, முதுகு ஒடியும் பாரம் என்று தன் பிரிவைப் பற்றி மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் முரட்டுப் பயல்கள், ஆனால் உழைப்பில் சிங்கங்கள். எங்கே வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்கள், மூச்சைப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

"ஒருத்தன் இருந்தான். குண்டுச் சில்லு காலைக் கிழிச்சிருச்சு. ரெண்டு நாள் யாரையும் கிட்ட சேர்க்கலை. போனா உதைதான். என் விலாவுல ரெண்டு எலும்பு உடைஞ்சது அவனாலதான்."

மரக்கடைக்காரர் முகத்தில் முதல் முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. உதைத்தவன் மீது.

"அப்புறம்?"

"மூணாம் நாள் அவனா வந்து என் தோள்ல தலையைச் சாய்ச்சுட்டான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. மருந்து போட்டேன். மூணு மாசத்துல பழையபடி மலை ஏறினான்."

"கால்?" மரக்கடைக்காரரின் குரல் இறங்கியிருந்தது.

"கல்லு மாதிரி இருந்துச்சுங்க."

மரக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சரி, போட்டுத் தொலை."

"போட்டாச்சுங்க."

கண்ணைத் திறந்தால், ட்ரிப்ஸ் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி அழுகையை நிறுத்தி, நிம்மதியில் புதிதாக ஒன்றை ஆரம்பித்தாள். இனி தனக்குப் பட்டாளம்தான் ஊசி போட வேண்டும், வேறு யாரும் கிட்டே வரக்கூடாது என்று மரக்கடைக்காரர் வார்டுக்கே அறிவித்தார்.

"நாட்டுக்காக அடிபட்ட அந்த மகராசனே பொறுத்துக்கிட்டான், எனக்கென்ன? நானும் அவன் ரகம்தான்" என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

இருபத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. தலைமை நர்ஸ் இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மேஜைக்கு வந்து அறிக்கைத் தாளை எடுத்தார்.

"ஸ்டோர் வேண்டாம், இங்கேயே இருங்க. முன் அனுபவம்னு ஒரு கட்டம் இருக்கு. எந்த ராணுவ ஆஸ்பத்திரின்னு எழுதறது?"

பட்டாளம் விறைப்பாக நின்றார். சொன்னால் பஞ்சுப் பொட்டலம்தான் என்று தெரிந்தது. ஆனாலும் எழுத்தில் போகிற விஷயத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆஸ்பத்திரி இல்லீங்க சிஸ்டர், லாயம். மலைக்கு மூட்டை சுமக்கிற கோவேறு கழுதைங்களுக்குத்தான் வைத்தியம் பார்த்தேன்."

தலைமை நர்ஸ் பதினாலாம் படுக்கையை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் 'இந்த வார்டுக்கு மிகவும் பொருத்தமானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.